சலோமி அக்கா மண்ணெண்ணெய் ஊற்றிய அரிசி

செய்தி, உரமும் பயிர் மருந்தும் விற்கும் எங்கள் கடைக்குத்தான் முதலில் வந்தது. வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்து, பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்துக்கொண்டிருந்தேன். கட்டபெட்டுப் பக்கம் தேயிலை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏனுங்க, உங்க கோயில் நர்ஸம்மா போயிட்டாங்களாமே. கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே மூச்சு நின்னு போச்சாமுங்க" என்றார்.

அப்பா கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. பிறகு கண்ணைத் திறந்து, "உங்களுக்கு என்ன மருந்துங்க வேணும்?" என்று கேட்டார். அவர் களை மருந்து கேட்டார். அப்பா அலமாரியிலிருந்து நீல மூடி போட்ட வெள்ளைக் கேன் ஒன்றை எடுத்து வைத்தார். என் கை கார்பன் தாளிலேயே கிடந்தது. அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

அன்று மாலை போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். மாதாமாதம் சபை மடலை எழுதிக் கொடுப்பது நான் என்பதால், ஞாயிறு நினைவு ஆராதனையில் வாசிக்கவும் மடலில் போடவும் சலோமி அக்காவைப் பற்றி என்னையே எழுதச் சொன்னார். அவர் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். அப்பாதான் சபைச் செயலர்.

"ரெண்டு பத்தி போதும் கண்ணு. டிஸ்பென்சரி, பாட்டு, ஊழியம். அந்த அரிசி விஷயத்தத் தொட வேண்டாம். போனவங்களோட குறைய நாம பேசக் கூடாது."

அந்த இரண்டு பத்தியையும் எழுதி அப்பாவின் மேசையில் வைத்துவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. இது நான் எழுதும் இரண்டாவது. எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமும்போதெல்லாம் பூகோளப் புத்தகத்தை இழுத்துத் தாளை மூடிக்கொள்கிறேன். சபையாரே, சலோமி அக்காவைத் தெரிந்தவர்கள் நீங்கள். ஆனால் நீங்கள் அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதில் ஒன்று தவறு. அது தவறென்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் அவர் நர்ஸ். தேயிலை விலை விழுந்த பிறகு அது வாரத்தில் மூன்று நாள்தான் திறந்தது. மற்ற நாட்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்தே கட்டுப் போடுவார். கோபக்காரர். லீவுக்காக இருமிக் காட்டும் ஆட்களிடம், "இதுக்குப் பேரு இருமல் இல்லீங்க. சோம்பலுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல, போய் வேலைக்குப் பேரு போடுங்க" என்று விரட்டுவார். பாடகர் குழுவில் எல்லோரையும்விட அரைத் தாளம் முன்னால் போய்விடுவார். யாராவது சொன்னால், "நீங்கதான் பின்னால வர்றீங்க" என்பார். நமக்கெல்லாம் இது தெரியும், சிரித்திருக்கிறோம்.

சனிக்கிழமை மாலைகளும் உங்களுக்குத் தெரியும். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று நாம் எடுத்து வைக்கிறோமே, அதைச் சேகரிக்க எஸ்டேட் வரிசை வீடுகளில் லயம் லயமாக வருவார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொருளாளர் அவர்தான். துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்க்க மாட்டார். ஒருமுறை பாக்கியம் அத்தை வீட்டு வாசலில் நானும் நின்றேன். இலங்கையிலிருந்து வந்த குடும்பம், எஸ்டேட்டில் களை எடுக்கிற வேலை. "இந்த வாரம் பானையில தூசிதான் சிஸ்டர். என்னால ஏலாது" என்றார் அத்தை. அக்கா பையை இன்னும் நன்றாக விரித்தார். "அப்ப வெறுங்கையப் போடுங்க. அரிசி இல்லாத வாரமும் கணக்குத்தான்." பாக்கியம் அத்தை வெறும் கையைப் பைக்குள் விட்டு எடுத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது.

அந்த அரிசி விற்ற பணம் பல வருடமாகச் சேர்ந்திருந்தது. போன வருடம் அதை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பாதான் யோசனை சொன்னார்: நம் கடையில் பங்காகப் போடுங்கள், லாபத்தில் கூரையைப் பார்த்துக்கொள்ளலாம், ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கும் மிஞ்சும். முதலில் கை தூக்கியவர் சலோமி அக்கா. "நம்ம சபை ஆளு. பொய் சொல்ல மாட்டாரு. தெரியாத இடத்துல போடறதுக்கு இது மேலுங்க" என்றார். அவர் கையைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தூக்கினார்கள்.

எங்கள் கடையில் அப்போது அதிகம் விற்றது களை மருந்து. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே போதாத காலம். ஆள் வைத்துக் களை எடுக்க யாராலும் முடியவில்லை. பத்துப் பெண்கள் சுரண்டியோடு ஒரு வாரம் உட்கார்ந்து செய்கிற வேலையை, முதுகில் டேங்க் கட்டிய ஒருவர் ஒரே நாளில் அடித்து முடித்துவிடுவார். எஸ்டேட்டும் அப்படியே செய்தது. பாக்கியம் அத்தைக்கு வேலைக்குப் பேர் போடுவது நின்றது. கோயிலுக்குக் கீழே ஓடும் ஓடையில் முதலில் தவளைச் சத்தம் நின்றது. அடுத்து, கரையோரம் செம்பழுப்பில் ஒரு கோடு விழுந்தது. மழையோடு மருந்து இறங்கும் இடமெல்லாம் புல் அப்படித்தான் கருகும்.

ஒரு நாள் மருந்து அடிக்கிற ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் அக்கா. நான் அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மருந்து அடிக்கிறவருடைய விரல் இடுக்குகள் வெந்த மாதிரி இருந்தன. "கையுறை எங்கீங்க?" என்று கேட்டார் அக்கா. "மருந்து வாங்கவே காசில்ல, கையுறைக்கு எங்க போறது" என்றார் அவர். அக்கா கட்டு முடிச்சைப் போட்டுவிட்டு, முடிச்சைப் பார்த்தபடியே, "இந்த மருந்து வாங்கி வெக்கறதுக்கு நாங்கதான் பணம் குடுத்தோமுங்க. கைப்பிடி அரிசிப் பணம்" என்றார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. களை எடுக்கிற பெண்கள் தங்கள் பானையிலிருந்து எடுத்துப் போட்ட அரிசி, அவர்களுடைய சுரண்டியைப் பிடுங்கிக்கொண்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றார். "நாந்தானுங்க மொதல்ல கை தூக்கினேன். தூக்கின கைய இறக்கறேன்" என்றார். பணத்தைக் கடையிலிருந்து எடுத்து, கோயிலுக்குச் சொந்தமான தேயிலைக்கும் ஓடைக்கரை விவசாயிகளின் தேயிலைக்கும் பெண்களை வைத்துக் களை எடுக்கக் கூலியாகக் கொடுப்போம் என்றார்.

"அதுல என்ன வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வட்டி வராதுங்க. ஓடை வரும்."

செயலர் என்பதால் அப்பாவும் அங்கே இருந்தார். அவர் கோபப்படவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும். "சிஸ்டர், நீங்க பேங்க்ல போட்டாலும் அது யாருக்குக் கடன் குடுக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? இலை விலை இப்படிக் கெடக்கறப்ப, ஆள் வெச்சு எடுன்னா விவசாயி தோட்டத்தையே வித்துட்டுப் போயிருவான். அப்பறம் இந்தக் கோயிலுக்கு யாருங்க வர்றது?"

"பேங்க்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாததுக்கு ஆண்டவரு என்ன கேப்பாரோ, அது அப்பறம். இது எனக்குத் தெரியுமே. ஓடையும் அவர் குடுத்ததுதானே. ஒரு கைப்பிடி அரிசி வூட்ட விட்டுப் போன பொறகு எங்க போகுதுன்னு கேக்கறது பாவமில்லீங்க."

அப்பா சொன்னதும் எனக்கு நியாயமாகப் பட்டது, அக்கா சொன்னதும் நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. முடிவைச் சபை விருந்தான அசனம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பாதிப் பேருக்கு மேல் அக்கா பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்று அம்மா வந்து சொன்னார்.

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது.

அசனத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக் கைப்பிடி அரிசியை விற்க மாட்டோம். வீட்டிலேயே சேர்த்து வைத்து, அன்றைக்குக் கொண்டுவந்து எல்லோருக்குமாகச் சேர்த்துச் சமைப்போம். லயத்து வீடுகளில் ஒரு மாத அரிசியை எலிக்கும் ஈரத்துக்கும் தப்பவைப்பது கஷ்டம். பாக்கியம் அத்தை அதைச் சொல்லி வருத்தப்பட்டார். எங்கள் கடைக்குப் பின்னால் காலிக் கேன்கள் கிடந்தன. உடைந்ததும் ஒழுகியதும் மருந்து கொட்டிப் போனதுமாகக் கடையிலேயே காலியானவை, விவசாயிகள் திருப்பிப் போட்டவை. அவற்றைக் குத்தி ஓட்டை போட்டு எரித்துவிடச் சொல்லி அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நல்ல கேன்களை ஏன் எரிக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அப்படித் தேறியவை பதினான்கு. லேபிளை ஊறவைத்து உரித்தேன். சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவினேன். கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாக ஓடைக்குத்தான் போனது. வாயை அகலமாக வெட்டி, தட்டு வைத்து மூடும்படி செய்தேன். சிலுவை வரைந்து, 'கைப்பிடி அரிசி' என்று அழகாக எழுதி ஒட்டி, பதினான்கு வீடுகளுக்குக் கொடுத்தேன். "எண்ணெய்க் கேனா பாப்பா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க" என்றேன். "நல்லாயிரு தாயி" என்று தலையில் கை வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அசனத்தன்று காலை பெண்கள் தங்கள் அரிசியைச் சமையற்கட்டில் விரித்திருந்த பாயில் கொட்டிவிட்டு ஆராதனைக்குள் போனார்கள். அரிசி மேடாகக் குவிந்திருந்தது. சமையல் பொறுப்பு சலோமி அக்காவுக்கு. நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்திருந்தது. பாக்கியம் அத்தை தன் கேனைக் குவியல் ஓரத்திலேயே விட்டுப் போயிருந்தார். அதை எடுத்து ஓரமாக வைக்கப் போன அக்கா, என்ன தோன்றியதோ, அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே மருந்தின் பெயரைப் பிளாஸ்டிக்கிலேயே அச்சு வைத்திருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. மருந்து பட்டு டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் அந்தக் கேனை அவர் எத்தனையோ தடவை பார்த்திருப்பார்.

அவர் பார்வை கேனிலிருந்து என் கையெழுத்துக்கு வந்தது. கையெழுத்திலிருந்து என் முகத்துக்கு வந்தது.

"எத்தன?"

"பதினாலு அக்கா."

"எல்லாம் இதுக்குள்ள கொட்டியாச்சா?"

"தெரியல அக்கா. கழுவினேன் அக்கா. மூணு தடவ கழுவினேன்."

அவர் குவியலைப் பார்த்தார். எது எந்த வீட்டு அரிசி என்று இனிப் பிரிக்க முடியாது. வீணாக வேண்டாம் என்று யாராவது ஒரு படி வீட்டுக்கு எடுத்துப் போய்விடக் கூடும் என்றும் நினைத்திருப்பார். அடுப்புப் பற்றவைக்க வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேனை எடுத்தார். மூடியைத் திருகி, குவியலின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். பாக்கியம் அத்தையின் கேனை விறகுக்கு அடியில் தள்ளினார்.

"நீ உள்ள போய் உக்காரு. எங்கையில இருந்து தவறிருச்சு. அவ்வளவுதான் உனக்குத் தெரியும்."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இதுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பெண்கள் பாயைச் சுற்றி நின்று அழுதார்கள். வேலையில்லாத மாதத்தில் பானையிலிருந்து எடுத்து வைத்த அரிசி. "சிஸ்டர், ஒரு கேன் எண்ணெயுமா தவறும்?" என்று கேட்டார்கள். "கண்ணு தெரியலீங்க, மன்னிச்சிருங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார் அக்கா. அன்றைக்கு எல்லோரும் பன்னும் டீயும் சாப்பிட்டுக் கலைந்தோம். வாசலில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது: "கடையில பணம் போட்ட ஆத்திரம். நம்ம அரிசி மேல காட்டிட்டா." ஒரு வாரத்தில் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் அக்கா பேச எழுந்தபோது, "அரிசியப் பாழாக்குனவங்க அரிசிப் பணத்தப் பத்திப் பேச வேண்டாம்" என்றார்கள். பணம் கடையிலேயே இருக்கட்டும் என்று கைகள் உயர்ந்தன. பொருளாளர் பொறுப்பையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பாக்கியம் அத்தையும் கை தூக்கினார் என்று அம்மா சொன்னார்.

கேனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கூட்டம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியிருக்கும். ஓடைக்கரையில் இன்று பெண்கள் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டே போய், "நானே சொல்லிடறேன் அக்கா" என்றேன். "இப்ப சொன்னா உங்கப்பன் வேணும்னே விஷக் கேன் குடுத்தாருன்னுதான் பேசுவாங்க. ஒரு புள்ளைய அடிச்சு ஜெயிக்கற ஓட்டு எனக்கு வேண்டாம். போ, பரீட்சைக்குப் படி" என்றார்.

சலோமி அக்கா, நீங்கள் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நினைவஞ்சலியில் இப்படி எழுதலாமா என்றும் தெரியவில்லை. என்னைக் காப்பாற்ற நீங்கள் கொடுத்தது உங்கள் நல்ல பெயர் மட்டும் இல்லை. பாக்கியம் அத்தையின் வேலையையும் கொடுத்தீர்கள், ஓடையையும் கொடுத்தீர்கள். அவற்றைக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருந்ததா? நான் கேட்டிருந்தால் திட்டியிருப்பீர்கள். ஆனால் கேட்பது பாவமில்லை என்று சொன்னவரும் நீங்கள்தான்.

அந்தக் கேன்களைத் தேடுவதை மட்டும் அவர் விடவில்லை. டிஸ்பென்சரியில் மிஞ்சிய பால்பவுடர் டப்பாக்களைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "பிளாஸ்டிக்குல அரிசி பூஞ்சை பிடிக்குமுங்க, தகர டப்பா வெச்சுக்கங்க" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. "கொட்டறதுக்கு இன்னும் அரிசி வேணுமா?" என்று கேட்டவர்களும் உண்டு. "டப்பாவ மட்டும் வாங்கிக்கங்க, என்னத் திட்டறத அப்பறம் சாவகாசமாத் திட்டுங்க" என்று வாசலிலேயே நிற்பாராம். பதினொரு கேன்கள் அப்படித் திரும்பி வந்தன, பாக்கியம் அத்தையுடையதோடு பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் கத்தியால் கிழித்தார்.

மீதி இரண்டும் எங்கே என்று எனக்கு நினைவில்லை. பாட்டுப் பயிற்சி முடிந்த ஒரு மழை மாலை, பஸ் நிறுத்தத்தில், தலையில் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்த இரண்டு பெண்களிடம் கொடுத்தேன். நம் சபைப் பெண்கள்தான் என்று தெரியும், சிலுவையைப் பார்த்துச் சிரித்தார்கள். முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. "உயரமா? குட்டையா? எஸ்டேட்டுல எந்த டிவிஷன் பஸ்ஸுக்கு நின்னாங்க?" என்று அக்கா ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கேட்பார். போன ஞாயிறும் கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இன்று அடக்கம் முடிந்ததும் அவருடைய தம்பி என்னிடம் ஒரு பையைக் கொடுத்தார். "உங்கிட்டக் குடுக்கச் சொல்லி வெச்சிருந்தா. என்னன்னு எனக்குத் தெரியல" என்றார். உள்ளே இரண்டு பால்பவுடர் டப்பாக்கள் இருந்தன.

அப்பா, இதை நான் வாசிக்கும்போது நீங்கள் முன் வரிசையில் இருப்பீர்கள். எரிக்கச் சொன்னது நீங்கள், எரிக்காதது நான். அதை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். கடையை மூடச் சொல்வார்களோ, யாராவது உங்களைப் பிடித்துக்கொண்டு போவார்களோ, இனி என்னைப் பள்ளிக்கு அனுப்ப முடியாதோ என்றெல்லாம் பயமாக இருக்கிறது. ஆனாலும் மேசையில் இருக்கிற இரண்டு பத்தியை நான் வாசிக்கப்போவதில்லை.

சங்கத்துப் பெண்களே, அன்றைக்கு நீங்கள் தெரியாமல் கை தூக்கினீர்கள். இப்போது தெரிந்துவிட்டது. இன்னொரு கூட்டம் போடுங்கள். என்ன முடிவு செய்தாலும் தெரிந்து செய்யுங்கள்.

சலோமி அக்கா எனக்குக் கொடுத்த மௌனத்தை இத்துடன் திருப்பித் தருகிறேன். அவர் பாதியில் விட்ட தேடலை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் டப்பாக்களோடு நிற்பேன். என் கையெழுத்தில் சிலுவை போட்ட வெள்ளைக் கேன் உங்களில் இரண்டு பேர் வீட்டில் இருக்கிறது. ஆராதனைக்கு வராதவர்களுக்குத் தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள். அதில் அரிசி இருந்தால் கழுவிப் பார்க்காதீர்கள். கோழிக்கும் போடாதீர்கள். அப்படியே கேனோடு என்னிடம் கொண்டுவாருங்கள்.